கம்ப்யூட்டர் கேசிங்கின் (வெளிப் பெட்டியின்) உள்பக்கத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? கண்ணாடியா, வலையா? மலைநாட்டு ஈரத்துக்கு எது சரி?

கொட்டகலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனும் நானும் கொட்டகலை டவுனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வருகிற வீடியோ எல்லாவற்றையும் எடிட் பண்ணுவது ஒரே மெஷினில்தான். இப்போது புது மதர்போர்ட், ப்ராசஸர், நடுத்தர விஜிஏ (கிராபிக்ஸ் கார்ட்) ஒன்று, 550 வாட் பவர் சப்ளை எல்லாம் சேர்த்தாயிற்று. கேசிங் மட்டும்தான் பாக்கி. பழைய கேசிங்கில் விஜிஏ நீளத்துக்கு இடம் பற்றவில்லை, அதோடு அடித்தகடு துருப்பிடித்துப் போயிருக்கிறது.

கடையில் இரண்டு கேசிங்கை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன், ஆனால் உள்ளே எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது என்று பிடிபடவில்லை. கடைத் தம்பி லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டுகிறார், அதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. போட்டோ ஏற்ற இங்கே சிக்னல் போதாது, அதனால் எழுதியே சொல்கிறேன்.

முதலாவது கண்ணாடி கேசிங். முன்பக்கமும் இடப்பக்கமும் முழுக் கண்ணாடி. முன்னால் மூன்று ஆர்.ஜி.பி. (கலர் லைட்) ஃபேன், பின்னால் ஒன்று, எல்லாம் 120 மி.மீ. பவர் சப்ளை அடியில் ஒரு தகட்டு மூடிக்குள் மறைந்து உட்காருகிறது, அதே மூடிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் போடும் கூடு. போர்ட் பூட்டுகிற தகட்டுக்குப் பின்னால் கேபிள் போக நல்ல இடம், இரண்டரை செ.மீ. இருக்கும். முன் கண்ணாடிக்கும் கேசிங்குக்கும் நடுவே வலப்பக்கத்தில் மட்டும் விரல் நுழைகிற இடைவெளி.

இரண்டாவது வலை கேசிங். முன்பக்கம் முழுக்க ஓட்டை போட்ட தகடு, அதன் பின்னால் கழற்றிக் கழுவுகிற தூசி வலை. பின்னால் ஒரே ஒரு ஃபேன், லைட் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. பவர் சப்ளை அடியில், ஆனால் மூடி இல்லை. முன்னால் உயரமாக ஒரு ஹார்ட் டிஸ்க் கூடு, நான்கு போடலாம். கேபிள் போகிற பின் இடம் குறைவு, ஒன்றரை செ.மீ. வருமா என்பதே சந்தேகம். மேல் தகட்டிலும் ஃபேன் பூட்ட ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றுக்கு மூடி எதுவும் இல்லை. விலை நாலாயிரம் ரூபா குறைவு.

என்னிடம் இருப்பது மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவு போர்ட், 24 செ.மீ. நீள விஜிஏ, ப்ராசஸர் மேல் பூட்டுகிற 155 மி.மீ. உயரக் கூலர், பழைய வேலை எல்லாம் கிடக்கிற மூன்று பெரிய ஹார்ட் டிஸ்க். மெஷின் இருப்பது கடைக்கு மேல்மாடி. பின்னேரம் ஆனால் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். அண்ணன் கண்ணாடி கேசிங்தான் வேண்டும் என்கிறார், வருகிற ஆட்கள் பார்த்தால் அழகாக இருக்குமாம். எனக்கு அந்த ஹார்ட் டிஸ்க்குகள் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பண்டாரவளை ரிப்பேர்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வைத்தே பாதி முடிவு சொல்லலாம். ஃபேன் எத்தனை என்பதை விட்டுவிட்டு, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எதன் மேல் பட்டு எந்த வழியாக வெளியே போகிறது என்பதைப் பாருங்கள்.

கண்ணாடி கேசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் நடுக்குமிழைக் கழித்தால் காற்று போகிற பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. முன்னால் மூன்று இருப்பதால் 300. ஆனால் அந்த மூன்றுக்கும் காற்று வர வேண்டியது வலப்பக்கத்து இடைவெளி வழியாக மட்டும். விரல் நுழைகிற அளவு என்றால் 12 மி.மீ. வைத்துக்கொள்வோம், உயரம் 40 செ.மீ., ஆகப் பெருக்கினால் 48 சதுர செ.மீ. மூன்று ஃபேன் கேட்கிற வழியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வழி இல்லாத இடத்தில் ஃபேனைக் கூட்டினால் சத்தம்தான் கூடும். வலை கேசிங்கில் முன் தகடு 15க்கு 40 செ.மீ. என்று வைத்தாலும் 600 சதுர செ.மீ., அதில் பாதி ஓட்டை என்றால் அதே 300 வந்துவிடுகிறது. நீங்கள் அங்கே முன்னால் இரண்டு நல்ல ஃபேன் வாங்கிப் பூட்டினால் போதும், மிச்சம் வருகிற நாலாயிரத்தில் அதை முடிக்கலாம்.

அடுத்தது அந்த ஆர்.ஜி.பி. ஃபேன்களின் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். விலை குறைந்த கேசிங்குகளில் ஒரு ஃபேனை இன்னொரு ஃபேனோடு கோர்த்துக் கடைசியில் நாலு முள் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் விட்டிருப்பார்கள். அப்படி என்றால் பவர் சப்ளையில் நேரே மாட்ட வேண்டும், வேகத்தைக் குறைக்க வழியே கிடையாது, மெஷின் சும்மா இருக்கும்போதும் முழு வேகம்தான். மதர்போர்டில் மாட்டுகிற மூன்று முள் அல்லது நாலு முள் சின்ன பிளக் இருந்தால் சூட்டுக்கு ஏற்றபடி வேகம் மாறும். குரல் பதிவு பண்ணுகிற அறை என்றால் இந்த வித்தியாசம் காதில் விழும்.

ஹார்ட் டிஸ்க் கூடு விஷயத்தில் உங்களுக்கு வலை கேசிங்தான் பொருத்தம். கண்ணாடியில் இரண்டுதான் போடலாம், உங்களிடம் மூன்று. அதுவும் அடி மூடிக்குள் பவர் சப்ளையோடு ஒட்டி, காற்றே படாத மூலை. 14 செ.மீ. பவர் சப்ளை, அதன் முன்னால் கேபிள் கட்டு, அதற்கு முன்னால் கூடு என்று வந்தால் கேபிளை அழுத்தித்தான் திணிக்க வேண்டும். வலை கேசிங்கில் கூடு முன் ஃபேனுக்கு நேர் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து வருகிற குளிர்ந்த காற்று முதலில் டிஸ்க்குகளைத்தான் தொடும். மூன்றையும் அடுத்தடுத்து அடுக்காமல் இரண்டுக்கு நடுவில் ஒரு தட்டை வெறுமையாக விடுங்கள். டிஸ்க் ஒன்றின் தடிப்பு 26 மி.மீ., நெருக்கி அடுக்கினால் நடுவில் காற்று புகாது.

வலை கேசிங்கின் குறை பின் இடம் ஒன்றரை செ.மீ. என்பது. இதை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். 24 முள் பெரிய கேபிளையும் இன்னொன்றையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் பின் மூடி பூட்டாது, பூட்டினாலும் வயிறு தள்ளி நிற்கும். ஆகவே பெரிய கேபிளைப் பின்னால் விடாமல் முன்பக்கமாகவே கூட்டின் ஓரத்தை ஒட்டி மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ஃபேன் முகத்துக்கு நேரே தொங்காத வரை சூட்டில் பெரிய மாற்றம் வராது. ப்ராசஸருக்குப் போகிற 8 முள் கேபிள்தான் சிக்கல் பிடித்தது. அடியில் இருக்கிற பவர் சப்ளையிலிருந்து பின்பக்கமாக மேல் மூலைக்குச் சுற்றிப் போக ஏறக்குறைய 60 செ.மீ. வேண்டும். உங்கள் பவர் சப்ளையில் அந்தக் கேபிளை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். குட்டையாக இருந்தால் விஜிஏ மேல் சாய்த்துக் குறுக்கே இழுக்க வேண்டி வரும், அது வேண்டாம். மேல் மூலையில் அந்தக் கேபிள் வெளியே வர ஓட்டை இருக்கிறதா, போர்டைப் பூட்டிய பிறகும் பிளக் நுழைகிற அளவா என்றும் பாருங்கள்.

அப்புறம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். எப்படியும் இந்த மெஷினைத் தூசி தட்ட அடிக்கடி திறக்கப்போகிறீர்கள். தகடு வெட்டிய ஓரங்களில் ஒரு பருத்தித் துணியை மெதுவாக இழுங்கள், நூல் மாட்டினால் அது கையையும் கிழிக்கும், கேபிளையும் கிழிக்கும். நல்ல கேசிங்கில் ஓரத்தை மடித்து விட்டிருப்பார்கள். மலைநாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துரு முதலில் பிடிப்பது பெயின்ட் படாத இந்த வெட்டு ஓரத்தில்தான். விஜிஏ வெளியே வருகிற பின் இடத்தில் சின்னச் சின்னத் தகடுகள் இருக்குமே, அவை ஸ்க்ரூவில் கழற்றிப் பூட்டுகிற வகையா, இல்லை முறுக்கி உடைத்து எடுக்கிற வகையா என்று பாருங்கள். உடைத்தால் திரும்ப மூட முடியாது, அந்த ஓட்டை பல்லிக்கும் கரப்பானுக்கும் வாசல். பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆகி வருகிற மெஷின்களைப் பார்க்கிற எவருக்கும் இது விளையாட்டாகத் தெரியாது.

கடைசியாக, கேசிங்கின் எதிரெதிர் மூலை இரண்டைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். அரை மி.மீ. தகடு என்றால் நெளிவது கையில் தெரியும். நெளிகிற கேசிங்கில் விஜிஏ பூட்டினால் பின் ஸ்க்ரூ ஓட்டையோடு நேராக வராது, இழுத்துப் பூட்ட வேண்டும், நாளாக நாளாக கார்டும் ஒரு பக்கம் தொங்கும்.

என் முடிவு: வலை.


நுவரெலியா பனிமூட்டம்:

ரிப்பேர் அண்ணன் காற்றைப் பற்றிச் சொன்னது கொழும்புக்குச் சரி. இங்கே நுவரெலியாவில் என் அறை பெரும்பாலும் 16 டிகிரிதான், டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் இன்னும் கீழே போகும். கொழும்புக்காரன் 30 டிகிரியில் மெஷினைத் தொடங்குகிறான், நமக்கு 14 டிகிரி இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே இங்கே எதிரி சூடு இல்லை, ஈரம். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் மே மாதத்தில் தொடங்கினால் செப்டம்பர் வரை மழை விடாது. முன்பக்கம் முழுக்க ஓட்டை போட்ட ஒரு பெட்டியை வைத்து, மூடுபனியை இரண்டு ஃபேன் வைத்து உள்ளே இழுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணாடி என்றால் கொஞ்சமாவது மூடியிருக்கும் இல்லையா? உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டுவிட்டால் ஈரத்தை அது பார்த்துக்கொள்ளும். என்னுடைய கேசிங் முன்னால் மூடியதுதான், எந்தப் பிரச்சினையும் இல்லை.

இன்னொரு விஷயம், 1868 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிசு. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் கடல் மட்டத்தில் தள்ளுகிற அளவு காற்றைத் தள்ளாது என்று படித்திருக்கிறேன். அதையும் கணக்கில் எடுங்கள்.


பண்டாரவளை ரிப்பேர்:

மெலிசுக் காற்று பற்றிச் சொன்னது உண்மைதான் தம்பி. அதே வெப்பத்தில் ஒப்பிட்டால் நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே கன அளவைத்தான் தள்ளும், ஆனால் அந்தக் காற்று சுமந்து போகிற சூடு குறையும். குளிர் அதை ஈடுகட்டி மிச்சமும் தருகிறது என்பதால் நாம் அதை உணர்வதில்லை. ஆனால் நம் ஊரில் காற்று வழி இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அது காரணமே தவிர, வழியை அடைப்பதற்கு இல்லை.

ஈரத்தைப் பற்றி இரண்டாகப் பிரித்து யோசிக்க வேண்டும். மெஷின் ஓடும்போது உள்ளே இருக்கிற எல்லாமே அறைக் காற்றைவிடச் சூடு. சூடான பொருளின் மேல் நீர் கோர்க்காது, குளிர்ந்த பொருளின் மேல்தான் கோர்க்கும். காலையில் ஜன்னல் கண்ணாடி வியர்ப்பதும் மூக்குக்கண்ணாடி வியர்ப்பதும் அப்படித்தான். ஆகவே ஓடுகிற மெஷின் மூடுபனியை இழுத்தாலும் போர்டில் தண்ணீர் நிற்காது. ஆபத்து இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் குளிர்ந்து போன மெஷின் இருக்கிற அறைக்குள் திடீரென்று சூடான ஈரக் காற்று வரும்போதுதான். பக்கத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பது, ஈரத்துணி காயப்போடுவது, மழையில் வேனில் கொண்டுவந்த மெஷினை அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வைத்து உடனே சுவிட்சைப் போடுவது. அந்த மாதிரி நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டு அறையோடு அறையாக ஆகவிட வேண்டும்.

கண்ணாடி மூடியிருக்கிறது என்பது கண்ணுக்குத்தான். அந்த விரல் இடைவெளியும் பின் ஃபேனும் திறந்திருக்கிற வரை உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே இருக்கிற ஈரமும் ஒன்றாகிவிடும். நீராவி நுழைய அவ்வளவு வழி போதும். அதே காரணத்தால்தான் சிலிக்கா ஜெல் கேசிங்குக்குள் வீண். மூடிய டப்பாவுக்குள் கேமரா லென்ஸுக்கு அது அருமையான பொருள். ஃபேன் ஓடுகிற பெட்டிக்குள் அறை முழுக்க இருக்கிற ஈரத்தை அது குடித்துத் தீர்க்க முடியாது, சீக்கிரமே நிறைந்து சும்மா கிடக்கும்.

உண்மையில் போர்டைக் கெடுப்பது ஈரத்தோடு சேர்ந்த தூசி. விறகு அடுப்புப் புகையின் கரி, துணிப் பஞ்சு, தேயிலை ஃபெக்டரி பக்கத்தில் இருந்தால் அந்தத் தூள், இவையெல்லாம் போர்டின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம்தான் போர்டில் இருக்கிற பாகங்களின் உலோகக் கால்கள் பச்சை பிடிக்கத் தொடங்கும். எங்கள் ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் வறண்ட காற்றுக் காலத்தில் வருகிற தூசி அப்படியே தங்கி, மாரியில் நனைந்து சேறாக நிற்பதை எத்தனையோ மெஷின்களில் துடைத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி தூசி வலை எங்கே இருக்கிறது, அதைக் கழற்றிக் கழுவ முடியுமா என்பது. வலை கேசிங்கில் முன்னால் அது இருக்கிறது என்கிறார் தங்கச்சி. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அப்படி வைத்தால் உள்ளே வருகிற காற்று கூட, வெளியே போவது குறைவு. மிச்சக் காற்று சந்து பொந்து வழியாக வெளியே கசியும், தூசி சந்து வழியாக உள்ளே வராது. வருகிற காற்றெல்லாம் வலையைத் தாண்டித்தான் வர வேண்டும். கண்ணாடி கேசிங்கில் பக்க இடைவெளிக்கு வலை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விலையில் நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

வலை கேசிங்கில் என் பயம் அந்த மேல் ஓட்டைகள். தகரக் கூரை வீடுகளில் இரவில் கூரைக்கு அடியில் நீர் கோர்த்துச் சொட்டும், மழை இல்லாத நாளிலும் சொட்டும். ஒரு சொட்டு விஜிஏ மேல் விழுந்தால் போதும். ஃபேன் பூட்டப்போவதில்லை என்றால் அந்த ஓட்டைகளை மேலே தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டி நிரந்தரமாக மூடிவிடுங்கள். சூடு பின் ஃபேன் வழியாகவே போய்விடும்.


அக்கரப்பத்தனை:

யாரும் எர்த் பற்றிப் பேசவில்லையே. இரும்பு கேசிங் என்றால் அதுவும் உள்பக்கத்தைப் பார்க்கிற விஷயம்தான்.

எங்கள் தோட்ட லயத்தில் பல வீடுகளில் எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கும். கேசிங்கைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது, யூ.எஸ்.பி. வயரைத் தொட்டாலும் இழுக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் பவர் சப்ளைக்கு உள்ளே இருக்கிறது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு மின் கம்பிகளிலிருந்தும் கேசிங் தகட்டுக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் முழுதும் நம் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறிது என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளையோ வெளி டிஸ்க்கையோ மாட்டிக் கழற்றினால் அதைச் செருகுகிற இடம் கெட்டுப் போகலாம். ஸ்டூடியோ என்றால் கேமராவை அடிக்கடி மாட்டிக் கழற்றுவீர்கள், அதனால்தான் சொல்கிறேன். அதைவிட முக்கியம், உள்ளே வேறு ஏதாவது கெட்டுக் கரண்ட் நேராகத் தகட்டுக்கு வந்தால் எர்த் இல்லாத வீட்டில் டிரிப் சுவிட்ச் விழுவதற்கு முன்னால் உங்கள் கைதான் அதற்கு வழி.

பவர் சப்ளையோடு வருகிற கேபிளைப் பாருங்கள். பல நேரம் இரண்டு உருண்டை முள், பக்கத்தில் எர்த் தகடு இருக்கிற வெளிநாட்டு பிளக்தான் வரும். அதை நம் 13 அம்பியர் சாக்கெட்டில் மேல் ஓட்டையைப் பேனாவால் அழுத்தித் திறந்து செருகுவார்கள். மெஷின் வேலை செய்யும், எர்த் மட்டும் எங்கேயும் தொடாது. மூன்று சதுர முள் இருக்கிற கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.

கேசிங்கில் பார்க்க வேண்டியது, பவர் சப்ளை ஸ்க்ரூ பூட்டுகிற இடத்திலும் போர்ட் நிற்கிற பித்தளைக் கால்களிலும் இரும்பு இரும்பைத் தொடுகிறதா என்பது. தடித்த பெயின்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போது அது சுரண்டிக்கொண்டு தொட வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் எர்த் இருந்தாலும் பிளக்கைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், இன்டர்நெட் வயரையும் சேர்த்து.


கொட்டகலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அளவு நாடாவும் பருத்தித் துணியும் எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. கடைத் தம்பி கோபப்படாமல் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார், நல்ல பிள்ளை.

கண்ணாடி கேசிங்கில் பக்க இடைவெளி 11 மி.மீ.தான், வலை இல்லை. ஃபேன் நான்கும் ரிப்பேர் அண்ணன் சொன்ன மாதிரியே ஒன்றோடொன்று கோர்த்து ஒரே மோலெக்ஸ் பிளக்கில் முடிகிறது. பின் தகடுகள் முறுக்கி உடைக்கிற வகை. அண்ணன் அதைப் பார்த்ததும் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

வலை கேசிங்கில் பின் தகடுகள் எல்லாம் ஸ்க்ரூ போட்டது. துணி ஒரே ஒரு இடத்தில் மாட்டியது, கூட்டின் கீழ் ஓரம். போர்ட் நிற்கும் காலிலிருந்து பக்க மூடி வரை உள் அளவு 168 மி.மீ. 8 முள் கேபிள் 65 செ.மீ. இருக்கிறது, மேல் மூலை ஓட்டையும் தாராளம். விஜிஏவுக்கும் கூட்டுக்கும் நடுவில் இன்னும் நாலு விரல் மிச்சம் இருக்கிறது.

மூன்று விஷயம் மட்டும் கேட்க வேண்டும். 155 மி.மீ. கூலர் 168க்குள் அடங்குமா? என் போர்ட் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்றாலும் அகலம் 20 செ.மீ.தான், வலப்பக்க ஓரத்துக்குக் கீழே கால் எதுவும் வரவில்லை, ஓரம் அந்தரத்தில் நிற்கிறது. அது பரவாயில்லையா? அப்புறம் டிஸ்க் கூட்டில் ரப்பர் இல்லை, நேரே இரும்பில் ஸ்க்ரூ பூட்டுகிற வகை. பழைய கேசிங்கில் டிஸ்க் ஓடினால் மேசையே ஊம் என்று முனகும், இதிலும் அப்படி வருமா?


பண்டாரவளை ரிப்பேர்:

கூலர் அடங்கும். போர்டின் தடிப்பும் ப்ராசஸர் உயரமும் சேர்த்து 168இலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. கழியுங்கள், 158 வரும். உங்களுக்கு 3 மி.மீ. மிச்சம். பக்கத் தகடு கூலர் மேல் முட்டாது, ஆனால் அந்தப் பக்கத் தகட்டின் உள்ளே ஸ்பாஞ்சு எதுவும் ஒட்டாதீர்கள்.

20 செ.மீ. போர்டில் ஓரம் அந்தரத்தில் நிற்பது வழக்கம்தான், முழு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244 மி.மீ., செலவைக் குறைக்க அகலத்தை வெட்டிவிடுகிறார்கள். ஓடும்போது ஒன்றும் ஆகாது. 24 முள் பிளக்கை அழுத்துகிற நேரம்தான் கவனம், அந்த ஓரம் வளையும். ரேமையும் அந்த பிளக்கையும் போர்டை வெளியே மேசையில் தட்டையாக வைத்தே ஒருமுறை செருகிக் கழற்றி லேசாக்கிக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு செருகும்போது இடது கை விரலை ஓரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுங்கள். வேறு கால் ஒன்றை உத்தேசமாக அங்கே பூட்டிவிடாதீர்கள், ஓட்டை இல்லாத இடத்தில் பித்தளை போர்டின் அடியைத் தொட்டால் ஷார்ட்.

டிஸ்க் முனகலுக்கு, நாலு ஸ்க்ரூவிலும் டிஸ்க்குக்கும் கூட்டுத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வாஷர் போடுங்கள், பைப் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு வருவது 6-32 பெரிய புரி, எஸ்.எஸ்.டி.க்கு வருவது எம்3 சின்னப் புரி, கேசிங்கோடு வருகிற பொட்டலத்தில் இரண்டும் கலந்துதான் இருக்கும், கையால் சுற்றும்போது இறுகினால் நிறுத்திவிட்டு மற்றதைப் பாருங்கள். துணி மாட்டிய அந்தக் கூட்டு ஓரத்தைச் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, நகப்பூச்சு இருந்தால் அதையே தடவிவிடுங்கள், துரு பிடிக்காது. ராவுகிற வேலையைப் போர்ட் பூட்டுவதற்கு முன்பே முடித்து இரும்புத் தூளைத் துடைத்துவிடுங்கள்.

மேசையில் வைக்கும்போது வியர்க்கிற சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஜன்னலுக்கு நேரே வேண்டாம். முன் வலையை மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்புறம் தங்கச்சி, மூன்று டிஸ்க்கிலும் இருக்கிற கல்யாண வேலைகளுக்கு வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கிறதா? இல்லை என்றால் புது கேசிங்குக்கு மாற்றக் கழற்றுவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள்.


கொட்டகலைக்காரி:

இரண்டுக்குப் பிரதி இருக்கிறது, மூன்றாவதற்கு இல்லை. இன்றைக்கே எடுக்கத் தொடங்குகிறேன் அண்ணே. கேசிங்குக்கு முற்பணம் கட்டியாயிற்று, 13 அம்பியர் கேபிளும் முன்னால் போட இரண்டு ஃபேனும் சேர்த்தே எடுத்து வைக்கச் சொன்னேன்.